மேலே எழுதின ஊர்

அன்றைக்குக் காலையில் ஆபீசில் இருந்தவர்கள். போஸ்ட்மாஸ்டர், தெலுங்குக்காரர், உள் மேஜையில். சிக்னலர், வேலூர்ப் பக்கத்து ஆள், தந்தி மெஷின் முன்னால். ஸ்டாம்ப் விற்கிற கிளார்க், ஜன்னலில். இந்த விஷயத்தில் அவருக்கு வேலை இல்லை. நான், தந்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள், கதவோரம் ஸ்டூலில். வேறு யாரும் இல்லை.

சித்தூரிலிருந்து ரயில் பாகாலா போகிற வழியில் ஒரு சின்ன ஊர். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். வருஷம் அறுபதுகளின் கடைசி. தேதி ஒன்பது. தேதி மட்டும் மறக்கவில்லை, ஏன் என்று பின்னால் தெரியும்.

தந்தி என்றால் எல்லோரும் சேதியைத்தான் நினைப்பார்கள். என் பிழைப்பு சேதியில் இல்லை. அதுக்கு மேலே இருந்தது. ஃபாரத்தின் உச்சியில் ஒரு வரி வரும். அர்ஜென்டா சாதாவா, நம்பர் என்ன, எந்த ஊரில் கொடுத்தார்கள், மொத்தம் எத்தனை வார்த்தை, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள். அதுக்குக் கீழே விலாசம். அதுக்குக் கீழே சேதி. கடைசியில் அனுப்பினவர். இந்த வரிசை எங்கேயும் மாறாது. நான் ஐந்தாம் கிளாஸ் வரைதான் படித்தேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்த மேல்வரியைப் பார்த்த உடனே சொல்வேன்.

விலாசத்துக்குக் காசு உண்டு. சேதிக்குக் காசு உண்டு. அனுப்பினவர் பேருக்கும் உண்டு. மேல்வரிக்கு மட்டும் இல்லை. அது டிபார்ட்மென்ட் தானாகப் போடுவது. அதனால் தன் ஊர்ப் பேரை யாரும் சேதிக்குள் எழுத மாட்டார்கள். அதுதான் மேலே சும்மா வருகிறதே, அதுக்கு எதுக்கு ஒரு வார்த்தைக் காசு.

தப்பு வராமல் இருக்க ஒரு ஏற்பாடு இருந்தது. கட்டு கடகட என்று மெஷின் அடித்து முடித்ததும் சிக்னலர் பென்சில் முனையால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டு எண்ணுவார். மேலே பன்னிரண்டு என்று இருந்தால் கீழே பன்னிரண்டு இருக்க வேண்டும். குறைந்தால் கம்பியில் திரும்பக் கேட்பார். சரியாக இருந்தால் வந்தது என்று ஒரு தட்டு. முடிந்தது.

ஆனால் எண்ணுவது விலாசத்திலிருந்துதான். மேல்வரியை எண்ண மாட்டார்கள். அதில் எழுதியிருப்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. அதை வைத்துத்தான் மற்றதைச் சரிபார்ப்பார்கள்.

எங்கள் சிக்னலருக்கு ஒரு பழக்கம். எங்களுக்கு வருகிற தந்தி பெரும்பாலும் திருப்பதியில் கொடுத்தது. பஸ் தவறியவர்கள், சத்திரத்தில் காய்ச்சலில் விழுந்தவர்கள், கூட்டத்தில் ஆளைத் தொலைத்தவர்கள். அதனால் காலையில் வந்ததும் இருபது ஃபாரத்தை எடுத்து, ஊர் எழுதுகிற கட்டத்தில் முன்கூட்டியே திருப்பதி என்று எழுதி வைத்துக்கொள்வார். மெஷின் வேகமாக அடிக்கும்போது கை தப்பிக்கும் என்பார். வேறு ஊரில் கொடுத்ததாக இருந்தால் அடித்துவிட்டு எழுதுவார்.

அந்த ஒன்பதாம் தேதி வந்த தந்தி காளஹஸ்தியில் கொடுத்தது. அவர் திருப்பதியை அடித்து மாற்றவில்லை. இது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. படிக்கிறவர்களுக்கு இப்போதே தெரியட்டும்.

விலாசம் நாலு வார்த்தை. ஒரு பெண் பேர், மிஷன் காம்பவுண்ட், ஊர். சேதி ஏழு வார்த்தை. நர்ஸ் வேலை காலி, பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு வந்து சேரவும். கடைசியில் ஒரு வார்த்தை, மேட்ரன். ஆகப் பன்னிரண்டு.

அந்தப் பேர் என் தங்கச்சி பேர்.

எங்கள் சபையில் அந்தப் பேரில் அப்போது ஐந்து பேர் இருந்தார்கள். மிஷன் டிஸ்பென்சரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா ரொம்ப வருஷம் இருந்தார். கஷ்டமான பிரசவம் ஆகிப் பெண் பிறந்தால் அவர் பேரைத்தான் வைப்பார்கள். அப்படி வைக்காவிட்டால் நன்றி கெட்டவர்கள் என்று சபையில் பேச்சு வரும். வீட்டில் கூப்பிடுவது வேறு. என் தங்கச்சியை நாங்கள் பாப்பா என்போம். ஞானஸ்நானப் பேர் ரிஜிஸ்டரில் இருக்கும், பள்ளிக்கூடத்தில் இருக்கும், தந்தியில் வரும்.

ஐந்து பேரில் இரண்டு பேர் நர்ஸ் படித்தவர்கள். ஒருத்தி என் தங்கச்சி. இன்னொருத்தி காம்பவுண்டில் நாலாவது வரிசை வீட்டில் இருந்த கொத்தனார் மகள். இரண்டு பேரும் ஒரே வருஷம், ஒரே பெஞ்ச். படித்து முடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் வேலை இல்லை. என் தங்கச்சி திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருந்தாள். கொத்தனார் மகள் காளஹஸ்தியில் ஒன்றுக்கு. இது காம்பவுண்டில் எல்லோருக்கும் தெரியும்.

சேதியை எனக்குச் சொல்லக் கூடாது. ஆனாலும் சிக்னலர் சொன்னார்.

"யோவ், உன் தங்கச்சிக்கு வேல வந்துடுச்சியா. நாளைக்கிக் காலைல பத்து மணிக்குச் சேரணுமாம். போ, சுருக்கா போ."

நான் மேல்வரியைப் பார்த்தேன். விலாசத்தைப் பார்த்தேன்.

"சார், இந்தப் பேர்ல ரெண்டு நர்ஸ் இருக்காங்க."

"இருக்கட்டுமே. திருப்பதிக்கு யாரு எழுதிப் போட்டது?"

"எங்க பாப்பாதான்."

"மேல இன்னா ஊரு போட்டிருக்குது?"

"திருப்பதி."

"அப்புறம் இன்னா?"

"ஊரு சரிதானான்னு ஒருவாட்டி கேட்டுக்கலாமா சார்? கம்பி சும்மாதானே கீது."

அவர் ஃபாரத்தைப் பிடுங்கிப் பென்சிலால் தட்டினார். "பன்னெண்டு போட்டிருக்குது. பன்னெண்டு கீது. எண்ணிப் பாரு. வேல வந்தா காபி வாங்கிக் குடுப்பான் மனுசன். இவன் சந்தேகம் கேக்கறான்."

திரும்பக் கேட்க வேண்டும் என்றால் போஸ்ட்மாஸ்டர் கையெழுத்து வேண்டும். உள்ளே போய்ச் சொன்னேன். அவர் ஃபாரத்தை வாங்கி அவரும் எண்ணினார். அவரும் விலாசத்திலிருந்துதான் எண்ணினார்.

"அந்தா சரிகா உந்தி கதய்யா," என்றார். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று அர்த்தம். "உனக்கு எந்துக்கு இந்தச் சந்தேகம்? போ, போ. மணி பத்தாகப் போவுது."

போய்விட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கும் அது எங்கள் வீட்டுத் தந்தியாக இருக்க வேண்டியிருந்தது. அதை மறைத்து எழுதிப் பிரயோஜனம் இல்லை.

காம்பவுண்ட் குழாயடியில் கொத்தனார் மகள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என் சைக்கிளைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"யாருக்குண்ணா?"

"எங்க வீட்டுக்கு."

"நல்ல சேதியா?"

சொல்லக் கூடாது. "நல்லதுதான்," என்றேன்.

"பாப்பாவுக்கா? வேலையா?"

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான். "எனக்குக் காளஹஸ்தியிலேர்ந்து வரணும்ணா. வந்தா நீ வழியில டீக்கடைல நின்னுக்கினு இருக்காதே. சுருக்கா எடுத்துக்கினு வா."

"வந்தா கொண்டாரேன்," என்றேன்.

அப்போது அது என் பையில் இருந்தது.

தங்கச்சி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். இரண்டு தடவை படித்தாள். நைனா, எங்கள் அப்பா, மிஷன் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவர், அன்றைக்கு இடுப்பு வலி என்று வீட்டில் இருந்தார். உடனே எல்லோரையும் முட்டி போடச் சொன்னார். ஜெபம் நீண்டது. டாக்டரம்மாவில் ஆரம்பித்து, தங்கச்சி பிறந்தது, அம்மை வந்தது, பரீட்சை எல்லாம் சொல்லி, அந்த மேட்ரன் நல்லாயிருக்க வேண்டும் என்று முடித்தார். நான் டியூட்டியில் இருந்தேன். ஒரு கண்ணைத் திறந்து சைக்கிளைப் பார்த்துக்கொண்டே முட்டி போட்டிருந்தேன்.

ஆமென் சொன்னதும் தங்கச்சி கேட்டாள். "எந்த ஆஸ்பத்திரின்னு போடலியேண்ணா?"

"மேல ஊரு இருக்குது பாரு."

"மேட்ரன்னு மட்டும் போட்டா?"

"ஊரு இருக்குது இல்ல," என்றேன். சிக்னலர் எனக்குச் சொன்னதையே நான் அவளுக்குச் சொன்னேன்.

மறுநாள் விடியற்காலை ரயிலுக்கு அவளை ஏற்றிவிட்டேன். வெள்ளைப் புடவை. சர்ட்டிபிகேட்டெல்லாம் ஒரு மஞ்சள் பையில். தந்தியை மடித்துப் பைபிளுக்குள் வைத்திருந்தாள். ரயில் பாகாலாவில் இன்ஜின் மாற்றி நிற்கும் என்று நான் சொன்னேன், தண்ணீர் குடிக்க இறங்காதே என்று. அவள் சரி என்றாள்.

இங்கே நடுவில் ஒன்று எழுதிவிட வேண்டும். இது நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்து, என்னைத் திருப்பதிக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே கம்ப்யூட்டர் வைக்க ஒரு சின்ன வயசு இன்ஜினியர் வந்தார். அவருக்கு டீ வாங்கி வருவது என் வேலை. சும்மா இருந்த நேரத்தில் கேட்டேன், இதில் சேதி எப்படிப் போகும் என்று. மனுஷன் நன்றாகச் சொன்னார். சேதியைத் துண்டு துண்டாக வெட்டிவிடுமாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலை வைக்குமாம். எங்கிருந்து, எங்கே, எத்தனையாவது துண்டு, எவ்வளவு நீளம். துண்டுகள் வெவ்வேறு வழியில் போனாலும் தலையைப் பார்த்து அங்கே வரிசையாகச் சேர்த்துக்கொள்ளுமாம். ஒன்று வரவில்லை என்றால் நம்பரை வைத்து அதை மட்டும் திரும்பக் கேட்குமாம்.

"எங்க தந்தியும் இதேதான் சார்," என்றேன். "வெட்ட மாட்டோம், அவ்வளவுதான்."

"அதேதான். வேகம்தான் ஜாஸ்தி."

"எண்ணிப் பாக்குமா சார்?"

"பார்க்கும். எல்லாத்தையும் கூட்டி ஒரு கணக்குப் போட்டுத் தலையிலயே எழுதிவிடும். போய்ச் சேர்ற இடத்துல திரும்பக் கூட்டிப் பார்க்கும்."

"தலைல இருக்கிற ஊரையும் சேத்துக் கூட்டுமா?"

"தலைக்குன்னே தனியாக் கூட்டும்."

பதினைந்து வருஷமாக நான் சொல்ல நினைத்தது. ஒரு மெஷினுக்கு யாரோ அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் மனசு ஆறவில்லை. "எழுதும்போதே ஊரைத் தப்பா எழுதிட்டுக் கூட்டினா?"

அவர் டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரை என்னிடம் கொடுத்தார். "அப்போ சரின்னுதான் சொல்லும்," என்றார்.

அது போகட்டும். பத்தாம் தேதிக்கு வருகிறேன்.

காலையில் கம்பி சும்மா இருக்கிற நேரத்தில் எங்கள் ஆபீசும் கம்பியின் மறுமுனை ஆபீசும் முந்தின நாள் தந்திகளை நம்பர் வாரியாக ஒத்துப் பார்ப்பது வழக்கம். நம்பர் விட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான். அன்றைக்குப் பத்தே முக்காலுக்கு ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்துக்காரர் ஒவ்வொன்றாகத் தட்டினார். நம்பர், ஊர், வார்த்தை. எங்கள் சிக்னலர் ஃபாரங்களைப் புரட்டிப் புரட்டி டிக் போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தேழில் பென்சில் நின்றது. திரும்பத் தட்டச் சொன்னார். அந்தப் பக்கம் திரும்பத் தட்டியது. எனக்கு மோர்ஸ் தெரியாது. அவர் முகம் தெரிந்தது.

"யோவ்," என்றார். "இங்க வா."

போனேன்.

"அது காளஹஸ்தி."

நான் ஃபாரத்தின் மேல்வரியைப் பார்த்தேன்.

"இப்பவே அந்தப் பொண்ணுக்கு ஒரு நகல் எழுதிக் குடுக்கறேன். எடுத்துக்கினு போ."

"பத்து மணிக்கு வரச் சொன்னாங்க சார்."

"தெரியுதுய்யா!" என்று கத்தினார். அப்புறம் மெதுவாக, "தெரியுது," என்றார்.

நகலில் போஸ்ட்மாஸ்டர் கையெழுத்து வேண்டும். போஸ்ட்மாஸ்டர் கஜானாவுக்குப் போயிருந்தார். காத்திருந்தேன். நேற்று ஒரு நிமிஷக் கேள்விக்குக் கையெழுத்துப் போடாதவர் இன்றைக்கு அந்தக் கையெழுத்துக்காக என்னை நிற்க வைத்துவிட்டுக் குடையை மடக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். "அய்யோ," என்றார். மேலே "திருத்திய நகல்" என்று சிவப்பு மையில் எழுத வேண்டும் என்றார். சிவப்பு மை கிளார்க் பூட்டிய பெட்டியில் இருந்தது. எனக்கு அந்தப் பெட்டியை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. சாவி வந்தது. எழுதினார்கள். எடுத்துக்கொண்டு போனேன்.

கொத்தனார் மகள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

மேலிருந்து படித்தாள். சிவப்பு மையைப் பார்த்தாள்.

"இது எப்ப வந்துச்சி?"

"நேத்து."

"நேத்து எப்போ?"

"நேத்துக் காலைல. ஊரு தப்பா எழுதிட்டாங்க."

"குழாயாண்ட பார்த்தேனே, அப்பவா?"

"ஆமா."

"அப்ப பையில இருந்தது இதுதானா?"

"ஆமா."

உள்ளேயிருந்து அவள் அம்மா யாரு யாரு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாப்பா எங்க?"

"திருப்பதிக்குப் போயிருக்குது. காலைல."

"நல்லா கீதுண்ணா," என்றாள். "உன் வீட்டுக்குன்னா ஜெபத்தோட போய்ச் சேருது. என் வீட்டுக்குன்னா ஒருநாள் ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வருது."

நான் ரசீதை நீட்டினேன். வேறு என்ன செய்வது. கையெழுத்துப் போட்டாள். நேரம் எழுதுகிற இடத்தில் வழக்கமாக நான்தான் எழுதுவேன். அவள் ரசீதைத் தரவில்லை. "மணி சொல்லு," என்றாள். சொன்னேன். பதினொன்று இருபத்தைந்து என்று அவளே எழுதினாள். இங்க் அழுத்தி, கீழே ஒரு கோடும் போட்டாள்.

சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். கூட அவள் அப்பா, சுண்ணாம்புக் கையோடு, வேலை செய்த இடத்திலிருந்து அப்படியே. திருப்பதியில் இறங்கி வேறு பஸ் மாறி, காளஹஸ்தி போய்ச் சேர நாலரை ஆகிவிட்டது. மேட்ரன் பன்னிரண்டு மணி வரை பார்த்தாராம். அப்புறம் லிஸ்டில் அடுத்து இருந்த பெண்ணை எடுத்துக்கொண்டாராம். அந்தப் பெண் உள்ளூர். யூனிபாரம் போட்டு வார்டில் நின்றுகொண்டிருந்தாளாம்.

தந்தி நேற்றே அனுப்பினோமே என்று மேட்ரன் கேட்டாராம். கொத்தனார் சிவப்பு மையைக் காட்டினாராம். மேட்ரன், பாவம், ஆனால் ஆர்டர் எழுதிவிட்டேன் என்றாராம்.

என் தங்கச்சி அன்று சாயந்தர ரயிலில் திரும்பி வந்தாள். ஸ்டேஷனில் நின்றிருந்தேன். மஞ்சள் பையை வாங்கிக்கொண்டேன்.

"எங்களுக்குக் காலியே இல்ல, யாரும்மா தந்தி குடுத்ததுன்னு கேட்டாங்க," என்றாள். "சிரிச்சாங்க."

"உம்."

"அந்த மேட்ரனம்மாவே சொல்லிச்சி. காளஹஸ்தில ஒரு எடம் காலின்னு கேள்வி, அவங்கதான் அனுப்பியிருப்பாங்க, இப்பவே பஸ் ஏறு, பேரு ஒண்ணுதானே, தந்தி கையில இருக்குது, யாரு கேக்கப் போறாங்கன்னுச்சி. அப்ப மணி எட்டரை."

எட்டரைக்கு ஏறியிருந்தால் பத்துக்குள் போயிருக்கலாம். இதை நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவளும் போட்டிருப்பாள்.

"போனியா?"

"போவல."

"ஏன்?"

"அது அவளுது."

"அப்ப அங்கிருந்து எங்களுக்கு ஒரு தந்தி குடுத்திருக்கலாமே. ஒம்போதுக்கு வந்திருந்தாக்கூட அவ கிளம்பியிருப்பா."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "ரயிலுக்கு நீ குடுத்தது எவ்வளவு? அதுல தந்தி எங்க குடுக்கறது? குடுத்தாலும் எங்க போய்ச் சேரும்? உங்க ஆபீசுக்குத்தானே?"

வீட்டுக்கு நடந்தோம். நைனா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு ஜெபம் சின்னதாக இருந்தது.

கொத்தனார் எழுத்தறிந்த ஒருவரைப் பிடித்து மேலே புகார் எழுதிப் போட்டார். அவர் செய்தது சரி. ஒரு மாசத்தில் மேலேயிருந்து பேப்பர் வந்தது. போஸ்ட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"விளக்கம் எழுதணும்."

"யாரு சார்?"

"நீதான்."

"ஊரைத் தப்பா எழுதினது நான் இல்லையே சார்."

"அது வேற. அந்தப் பேர்ல ரெண்டு பேர் இருக்காங்கன்னு உனக்குத் தெரியும் கதா? தெரிஞ்சும் ஏன் விசாரிக்காம டெலிவரி குடுத்தேன்னு கேட்டிருக்காங்க."

"நான் கேட்டேனே சார். உங்ககிட்டயே வந்து கேட்டேனே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டதுக்குப் பேப்பர் உந்தா?" என்றார்.

பேப்பர் இல்லை. வாயால் கேட்டதுக்கு நம்பர் கிடையாது, நேரம் கிடையாது, எந்தக் கட்டத்திலும் அது வராது. நான் சிக்னலரைப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் அடிக்கவில்லை.

எனக்கு இங்கிலீஷ் எழுத வராது என்பதால் என் விளக்கத்தைச் சிக்னலரே எழுதினார். நல்ல கையெழுத்து. நான் கவனக் குறைவாக இருந்துவிட்டேன், இனி இப்படி நடக்காது என்று எழுதியதாகப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள், தங்கச்சிக்கும் இன்னும் வேலை இல்லை.

விளக்கத்தோடு ஒரு ஃபாரமும் போக வேண்டும். அதிலும் கட்டங்கள்தான். நம்பர், முப்பத்தேழு. கொடுத்த ஊர், காளஹஸ்தி. இந்தத் தடவை சிக்னலர் அதை மெதுவாக எழுதினார். வார்த்தை, பன்னிரண்டு. கொடுத்த நேரம், ஒன்பதாம் தேதி காலை எட்டு பத்து. உரியவர் கையில் சேர்ந்த நேரம், பத்தாம் தேதி பதினொன்று இருபத்தைந்து. கடைசிக் கட்டம் மொத்தம் எடுத்துக்கொண்ட நேரம்.

"இதை நீயே போட்டுடு," என்று பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் வெளியே பீடி பிடிக்கப் போய்விட்டார்.

விரலில் எண்ணினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினேன். எழுதினேன்.

இருபத்தேழு மணி பதினைந்து நிமிஷம்.